பின்வலது சக்கரத்திலிருந்து

பிரேக்கில் கால் வைத்தால்
ஈரப் பஞ்சை மிதித்ததுபோல் இறங்குகிறது.
பாதி வழிவரை ஒன்றுமே இல்லை,
அப்புறம் ஞாபகம் வந்ததுபோல் வண்டி நிற்கிறது.
இதில்தான் பிரைடியை உட்காரவைத்து
துறைமுகச் சரிவில் இறங்கப் பார்த்தான் ஜெரார்ட்.
"ரெண்டு மிதி மிதிச்சா சரியாயிடும், லொரெட்டா."
இரண்டாவது மிதிக்கு
அந்தச் சரிவில் இடம் கிடையாது, கீழே கடல்.
சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆல்பெர்ட்டா எண்ணெய் வயலில் இருபது நாள்,
இங்கே எட்டு நாள்.
எட்டில் இரண்டு மகளுக்கு என்று
நீதிமன்றத் தாளில் இருக்கிறது.
பிரேக்குக்கு என்று எந்தத் தாளிலும் இல்லை.

நான்கு சக்கரத்தின் பின்னும் விரல்விட்டுத் துழாவினேன்,
ஈரமில்லை.
மிதித்துப் பிடித்தால் மெல்ல அமிழவும் இல்லை.
அடுத்தடுத்து மிதித்தால் மட்டும்
கொஞ்சம் எழுந்து நிற்கிறது.
காற்று.
போன மாதம் முன்சக்கரக் குழாயை மாற்றியவன் இவன்தான்,
விமானத்துக்கு நேரமாச்சு என்று
அரைகுறையாய் மூடிவிட்டுப் போனான்.
சொல்லவில்லை நான். அவனும் சொல்லவில்லை.

குளிர்கால ரோட்டு உப்பு தின்ற திருகு,
ஆறு முனையில் நாலுதான் மிச்சம்.
எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம், ஒரு மணி நேரம்,
அவன் வண்டிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
சுத்தியலால் நாலு தட்டு.
கிறீச்சென்று அசைந்துகொடுத்தது.

செத்துப்போன தங்கமீனின் தொட்டியிலிருந்து
தெளிந்த ரப்பர் குழாய்,
பார்ட்ரிட்ஜ்பெர்ரி ஜாம் பாட்டில்,
பானெட்டைத் திறந்து, ஸ்டூலில் ஏறி,
எண்ணெய்க் கோட்டைப் பார்த்துக்கொள்ள பிரைடி.
மல்லாந்து படுத்தேன்.
அவன் ஓட்டுநர் இருக்கையில்.
முகம் தெரியாது. குரல் மட்டும்.

"அழுத்து."
"அழுத்திட்டேன்."
"பிடி."
திருகைத் திறந்தேன், மிதி தரைவரை போனது,
குழாயில் கடுகு கடுகாய்க் குமிழிகள்.
மூடினேன். "விடு."
ஒன்பது வருஷ வாழ்க்கையில்
நான் சொன்னதை இத்தனை முறை கேட்டு
இவன் நடந்ததில்லை.

பின்வலது. பின்இடது.
முன்வலதில் படுத்தபோது புதுக் குழாய் கண்ணில் பட்டது.
"இதை இப்படியே விட்டுட்டா போனே?"
"யாரு ஓட்டச் சொன்னா?"
"உன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு யாரு கூட்டிப்போறதாம்?"
அப்புறம் வீடு வந்தது, வங்கி வந்தது,
அவன் அம்மாவின் இறுதிச்சடங்குக்கு
நான் போட்டிருந்த மேல்கோட்டு வந்தது.
நடுநடுவே அழுத்து, பிடி, விடு.
கைகள் அதுபாட்டுக்கு வேலை செய்தன.

பாட்டிலில் களகளவென்று நுரை.
எழுந்து பார்த்தேன்.
எண்ணெய்க் கிண்ணம் வறண்டு கிடந்தது.
ஸ்டூலில் யாரும் இல்லை.

மறுபடி பின்வலதிலிருந்து.
கடையில் இன்னொரு டப்பா வாங்க
நடந்தே போய் வந்தான், நாற்பது நிமிஷம்.
பிரைடி கடற்கரையிலிருந்து வந்தாள்,
வாளி நிறையத் துள்ளும் கேப்லின் மீன்,
முழங்கால்வரை மணல்.
எங்கே போனாய் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.
வாளியை வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள்.
"கோடு இறங்குது. நிறுத்துங்க."
நிறுத்தினோம்.
"ஊத்துங்க."
ஊற்றினோம்.

முன்இடது முடியும்போது
கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவிட்டது.
மிதியில் கால் வைத்துப் பார்த்தேன்.
விரற்கடை இறங்கி, கல்லாய் நின்றது.
வண்ணத்தில் சிந்திய துளிகளை
அவன் சட்டைக்கையால் துடைத்தான்,
தண்ணீர் ஊற்று என்றேன், ஊற்றினான்.
வாசல் சரளையில் மூன்று முறை ஓட்டி
மூன்று முறை நிறுத்திக் காட்டச் சொன்னேன்.
பிறகுதான் பிரைடியை ஏற்றினேன்.

சரிவின் பாதியில்
சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன.
வண்டி அசையாமல் நின்றது,
நிற்கத் தேவையே இல்லாத இடத்தில்.
கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்தது.

பாட்டிலில் கட்டங்காப்பி நிறத்தில் பழைய எண்ணெய்.
இறுக்கி மூடி,
பழைய லேபிளின் மேல்
பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்:
ஜாம் இல்லை.