ஒன்றுக்கு நாற்பது

காக்கா பிடிக்கத் தெரிந்திருந்தால்
துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கும்.
எனக்குச் சுடத்தான் தெரியும்.

மெரினாவில் பலூன் பலகை வைத்திருக்கிறேன்,
கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் வடக்கே.
துப்பாக்கி இடதுபக்கம் அரை விரல் இழுக்கும்.
வருகிறவர்களிடம் சொல்வதில்லை,
சொன்னால் அரிசி வாங்க முடியாது.

அந்த அரை விரலை மனதில் கழித்துக்கொண்டு
வியாழக்கிழமைகளில் ஞாயிறு போகிறேன்.
சிரிக்காதீர்கள், ஊர்ப் பெயரே ஞாயிறுதான்,
செங்குன்றம் தாண்டி, சோழவரத்துக்குப் பக்கம்.
எக்ஸெல் வண்டியில் முன்னால் சோடா நிற்கும்,
லுங்கியில் சுற்றிய துப்பாக்கியின் மேல்
முன்னங்கால் இரண்டையும் வைத்து.
மூலக்கடை சிக்னலில் போலீஸ்காரர்
நாயைத்தான் பார்ப்பார்.

தனகோட்டியின் மூன்று ஏக்கர்.
ஒரு பக்கம் பிளாட் போட்ட கல்,
மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள்,
நடுவில் விதைக்கடலை.
டிராக்டர் சால் போட்டுப் போகப் போக
பின்னாலேயே நடந்து வரும் காகங்கள்,
கையைப் பின்னால் கட்டிய கணக்குப்பிள்ளைகள் மாதிரி.
பருப்பைக் குத்தித் தின்றுவிட்டு
சிவப்புத் தொலியை வரப்பிலேயே போட்டுப் போகும்.

ஒன்றுக்கு நாற்பது என்று பேச்சு.
வாய்க்கணக்கு செல்லாது, காகத்தைக் காட்டவேண்டும்.
அதற்குத்தான் சோடா.
டப் என்றதும் ஓடும்.
சாலை மிதிக்காமல் வரப்போடு சுற்றி,
இறகு கலையாமல் கவ்வி வந்து
என் கால் கட்டைவிரல் மேல் வைக்கும்.
சிலது அப்போதும் கண் திறந்து பார்க்கும்.
அதற்கும் நாற்பதுதான்.

ஒன்றை மூங்கிலில் தலைகீழாய்க் கட்டினால்
ஊர்க் காகமெல்லாம் கூடிக் கத்தும்.
சோடா காதை மடக்கிக்கொண்டு
வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கும்.
அந்தச் சத்தத்தில் சுட எனக்கும் கை வராது.
டீ குடித்துவிட்டு வருவேன்.

நான்காம் வியாழன் சுட ஒன்றும் இல்லை.
எக்ஸெல் சத்தம் மதகு தாண்டும்போதே
வயல் காலி.
தனகோட்டிக்குச் சந்தோஷம்.
பெட்ரோலுக்கு மட்டும் கொடுத்தார்.

தை அமாவாசை, பகல் ஒரு மணி.
பலூன் ஊதிக்கொண்டிருந்தேன்.
தனகோட்டியும் மரகதமும் மணலில் வந்தார்கள்.
அவர் கையில் டிபன் கேரியர்,
அவள் கையில் சுருட்டிய வாழையிலை.
"காலைல இருந்து மாடில கூப்புட்றோம்,
ஒண்ணுகூட வரல," என்றார்
என் முகத்தைப் பார்க்காமல்.
"இங்க நெறைய இருக்குமே."
"நீங்க ரெண்டு பேரும் கண்ணுல படாம இருங்க,"
என்றாள் மரகதம்.
ரெண்டாவது ஆள் சோடா.

பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்,
சோடாவை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு.
குறி தவறிய ரவைகள் போட்ட ஓட்டை வழியே
இலை தெரிந்தது. சோறு, வாழைக்காய்ப் பொரியல்,
எள்ளுருண்டை, ஓரத்தில் ஒரே ஒரு வடை.
கா, கா என்று கூப்பிட்டாள்.
ஒருதரம் மாமனார் பெயரைச் சொல்லியும்.

சுண்டல் தாள் கிளறிக்கொண்டிருந்த ஒன்று
தத்தித் தத்தி வந்தது,
தலையைச் சாய்த்தது.
என் ஓட்டையைப் பார்த்த மாதிரி இருந்தது.
சோடாவின் விலா என் தொடையில் படபடத்தது.

வடைப் பக்கம் மூக்கு போன நேரம்
வெயிலுக்கு ஒரு பலூன் தானாக வெடித்தது.

டப்.

பிடிக்க முடியவில்லை.
காகம் எழும்பிவிட்டது.
சோடா இலையை மிதிக்காமல் சுற்றிப் போய்
வடையைக் கவ்வி
நொறுங்காமல் கொண்டுவந்து
என் கட்டைவிரல் மேல் வைத்துவிட்டு
நிமிர்ந்து பார்க்கிறது.

பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போன தனகோட்டியின் கை
பாதியில் நிற்கிறது.
"மூக்கு வெச்சுதா, இல்லியா?"
மரகதம் கேட்பது என்னைத்தான்.
குறி பார்க்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்.

மணலைத் தட்டித் திருப்பிப் பார்க்கிறேன்.
நடு ஓட்டையிலிருந்து இடதுபக்கம்
அரை விரல் தள்ளி
ஒரு குத்து.
அலகா பல்லா, தெரியவில்லை.

"வெச்சுதும்மா," என்றேன்.