விளக்கில்லாமல் நடக்கக் கூடாது

வெள்ளிக்கிழமை. பிக்கப்பிலிருந்து ஏணிகளை இறக்கிவிட்டு
செல்வினும் நானும் கிளம்பினோம்.
ஆறு நாள் இந்த ஊர்ச் சுவர்களுக்கு வெள்ளை அடிப்பவன்
ஏழாம் நாள் சுவர் பார்க்கப் போகிறேன் என்றால்
கேம்ப்பில் சிரிக்கத்தான் செய்வார்கள்.
சிரித்தார்கள்.

பழைய மஸ்கட்டுக்குப் பாதிக் காவல் மலை,
மீதிக்குக் கடல்.
இரண்டும் கைவிட்ட இடைவெளியில் மதில்.
வாசலருகே பலகையில் எழுதியிருந்தது:
பொழுது சாய்ந்து மூன்று மணி நேரம் கழிந்தால்
கதவை அடைத்துவிடுவார்களாம் அந்தக் காலத்தில்.
அதற்குப் பிறகு நடமாடுகிறவன்
கையில் விளக்கு வைத்திருக்க வேண்டும்,
தன் முகத்தைத் தானே காட்டிக் கொடுத்தபடி.
செல்வின் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான்.
"அப்பத் திருடனுக்கு?" என்றான்.

மதிலைத் தொட்டுப் பார்த்தேன். புதுப் பூச்சு.
என் கையைவிடக் கொஞ்சம் மட்டம்.
முழங்கால் உயரத்தில், மூலையில்,
பிரஷ் மயிர் ஒன்று வெள்ளைக்குள் ஒட்டிக் காய்ந்திருந்தது.
நகத்தால் எடுத்திருக்கலாம்.
யாரோ உச்சி வெயிலில் அவசரப்பட்டிருக்கிறான்,
மேஸ்திரியின் கண்ணுக்குத் தப்பியிருக்கிறான்.
நான் எதற்குக் காட்டிக் கொடுக்க?

துறைக்கு எதிரே செங்குத்துப் பாறையில்
கப்பல்களின் பெயர்கள்.
எப்போதோ நங்கூரம் போட்டவர்கள்
எழுதிவிட்டுப் போனவை.
பாதி எழுத்தை உப்பு தின்றுவிட்டது.
என்ன பெயின்ட்? எத்தனை கோட்?
மேலே கயிறு பிடித்தது யார்?
இடுப்பில் டப்பாவோடு தண்ணீருக்கு மேல் தொங்கியவன்
அத்தனை பெரிய பாறையில்
தன் பெயரை எழுதவில்லை, கப்பல் பெயரைத்தான் எழுதினான்.
அவனை எனக்குத் தெரியும்.

மத்ராவில் செல்வின் அல்வாக் கடையில் சண்டைக்குப் போனான்.
"இது மஸ்கட் அல்வாவே இல்லை" என்றான்,
மஸ்கட்காரரிடம்.
முதலூர்க்காரன். தேங்காய்ப்பால் ஊற்றாத எதையும்
அந்தப் பெயரால் அழைக்க அவன் நாக்கு ஒப்பாது.
கடைக்காரர் ஹமூத் பதில் சொல்லவில்லை.
இன்னொரு கரண்டி கொடுத்தார்.
பிறகு எதிரே கடலைப் பார்த்து நிற்கும்
அடைபட்ட தெருவின் மதிலைக் காட்டிச் சொன்னார்: சூர்.
சூர் என்றால் சுவர்.
நாங்கள் போகவிருக்கும் ஊரும் சூர்தானே என்றேன்.
இல்லை என்று இரண்டையும் சொல்லிக் காட்டினார்:
ஒன்று பல் நுனியில்,
மற்றது உள்ளே கனமாக.
நமக்கு ஒரே ச.
பத்தாம் வகுப்பில் சூர் என்றால் அச்சம், இரண்டு மார்க்.
மூன்றும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கட்டும்.

சிதாப், கந்தப்,
கடல் தெரிந்தும் மறைந்தும் வந்தது.
குரியாத்தில் அலைக்கு நடுவே ஒரு பாறை,
பாறைமேல் ஒற்றைக் காவல் கோபுரம்.
யாரை எதிர்பார்த்து இன்னும் நிற்கிறது?
கரையில் சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
அதிலும் சூர், என்றான் செல்வின்.
பூனைகள் வரிசை மாறாமல் உட்கார்ந்திருந்தன.

சூருக்குச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது.
பாலத்துக்கு அக்கரையில் அய்ஜா:
தாழ்ந்த வீடுகள், எல்லாம் வெள்ளை.
ஆனால் ஒவ்வொன்றும் வேறு வெள்ளை.
எண்ணத் தொடங்கினேன், ஏழில் இருட்டிவிட்டது.

திரும்பி வரும்போது மணி பதினொன்று.
வாசலில் இறங்கிக்கொண்டேன். செல்வின் ஸ்டியரிங்மேல் தூங்கினான்.
தெருவிளக்குகள் பகல்போல் எரிந்தன.
இருந்தாலும் செல்போன் விளக்கைப் போட்டு
முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நடந்தேன்.
சட்டம் சட்டம்தானே.

ஒரு போலீஸ்காரர் வந்தார். இளைஞர்.
என்ன தொலைந்தது என்று கேட்டிருப்பார்.
எனக்குத் தெரிந்த அரபி:
தண்ணீர், சம்பளம், நாளைக்கு, வெள்ளை.
"அப்யத்" என்று மதிலைக் காட்டினேன்.
அவர் யோசித்தார். தன் டார்ச்சை எடுத்து
அவரும் மதில்மேல் அடித்தார்.

இரண்டு வெளிச்சம் சாய்வாக விழுந்ததும்
மேடு பள்ளமெல்லாம் எழுந்து வந்தது.
இன்னொரு கோட் போட்டிருக்கலாம்.
அவருக்கும் அப்படித்தான் பட்டது போலும்,
தலையசைத்தார்.