பதினேழு

நவம்பர்ப் புயல் ஒரே ராத்திரியில்
அறுபது ஏக்கர் காட்டைக் கீழே போட்டது.
மரக் கம்பெனிக்காரர் அதை விண்ட்ஃபால் என்றார்.
காற்று தள்ளியது என்றும் பொருள்,
கேளாமல் வந்த செல்வம் என்றும் பொருள்.
அவர் இரண்டாவதைத்தான் சொன்னார்,
வாயெல்லாம் பல்லாக.

மரம் வெட்டுகிறவர்கள்
அதே குவியலுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.
ஃபர் மேல் லார்ச், லார்ச் மேல் செடார்,
எது எதைத் தாங்குகிறது
எது எதை நெரிக்கிறது என்று தெரியாத இடியாப்பம்:
ஜாக்பாட்.
ஐடஹோவின் வடமூலையில்
அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொல்வார்கள்.

டெல்மர் ஸ்காக்குக்கு ஐம்பத்தொரு வயது.
மூன்றாம் நாள், காலை பத்தே முக்கால்,
வில்லாய் வளைந்து கிடந்த ஒரு லார்ச்சை
அறுக்கக்கூடாத பக்கத்தில் அறுத்தான்.
குவியல் ஒரு முறை மூச்சு விட்டது.
ரம்பம் ஒரு பக்கம்.
தொப்பி ஒரு பக்கம்.
இடது கால், முழங்காலுக்குக் கீழே,
எங்கேயோ.

ஆப்பசைத்த குரங்கின் கதையை
அவன் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் அந்தக் குரங்குக்குத்
தன் மைத்துனன் பெயரை வைத்திருப்பான்.

வயர்லெஸ் மட்டும் கைக்கு எட்டியது.

மறுமுனையில் ஷெல்பி ஓக்டன்,
பாய்சி நகரத்திலிருந்து வந்து ஒன்பதாம் நாள்,
மேசையில் ஆறிப்போன கோகோ.
“ஜாக்பாட்டில் இருக்கிறேன்,” என்றான்.
“அடடா, வாழ்த்துகள்!” என்றாள்.
“எவ்வளவு?”

அவன் கோபப்பட்டிருக்கலாம்.
ஏனோ தலையைத் திருப்பி
மேலே கிடந்தவற்றை எண்ணினான்.
“பதினேழு.”
“பதினேழாயிரமா?”
“இல்லை பெண்ணே. பதினேழு மரம்.”

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தாள்.
நாற்காலி விழுந்தது கேட்டது.
யாரையோ பெயர் சொல்லி அலறியது கேட்டது.
பிறகு அழுகை,
பிறகு யாரோ அதை அணைத்தார்கள்.

நான்கு மணி நேரம்.
மாட்டிக்கொண்டவனுக்கு ஆங்கிலம் தரும் சொற்களை
ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்,
தூங்கிவிடக் கூடாது என்பதற்காக.
ஜாம். பிக்கிள். ஸ்டூ.
வெந்நீரில் இருக்கிறான் என்பதும் உண்டு.
எல்லாம் அடுப்படியிலிருந்து வந்தவை.
அவனுக்குப் பசித்தது.
அதைப் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

மேஸ்திரி ஹென்ட்ரிக் வோஸும் ஐந்து பேரும்
பதினாறு மரங்களை எடுத்தார்கள்.
கடைசி ஒன்றைத் தொட வேண்டியிருக்கவில்லை,
ஆள் வெளியே வந்துவிட்டான்,
முழுசாக அல்ல.

ஜூனில் காசோலை வந்தது.
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர்.
ஊரில் இருப்பது ஒரே மதுக்கடை,
அதில் இருப்பவர்களுக்கு ஒரே வாய்.
“டெல்மருக்கு ஜாக்பாட் அடித்துவிட்டது!”
“ஆமாம்,” என்றான் அவன்,
ஊன்றுகோலை மேசையில் சாய்த்து,
“நன்றாகவே அடித்தது.”
புரிந்த இரண்டு பேர்
தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

இதை எழுதும் மொழியை நான் உயர்வாய்ப் பேச முடியாது.
தேடிய பணம் அகப்பட்டது என்போம்.
ஓடிய திருடன் அகப்பட்டான் என்போம்.
ஒரே வினைச்சொல்,
கை நீட்டியவனுக்கும்
கையில் விலங்கு விழுந்தவனுக்கும்.
எந்தக் காட்டில்
எந்தக் குவியலின் அடியில் கிடந்தவன்
முதலில் இப்படிச் சொன்னானோ.

ஷெல்பி ஆஸ்பத்திரிக்குப் போனபோது
பெட்ரோல் பங்கில் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினாள்,
சுரண்டிப் பார்க்கும் வகை, இரண்டு டாலர்.
கட்டிலருகே போர்வையின் பள்ளத்தைப் பார்த்ததும்
கைப்பைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.
“ரோட்டில் பனி,” என்றாள்.
“ம்,” என்றான்.

சீட்டு இப்போது அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில்.
சுரண்டவில்லை.
காட்டிலிருந்து யார் அழைத்து
அந்தச் சொல்லைச் சொன்னாலும்
முதலில் நாற்காலியை விட்டு எழுகிறாள்,
பிறகுதான் கேட்கிறாள்:
எத்தனை மரம்.