நாற்பத்தைந்து நிமிடம்

ஃப்ரிட்ஜில் கடுகுச் சாந்துப் புட்டிக்குப் பின்னால்
கட்டைவிரல் உயரக் குப்பி.
டூசான் நகரம். ஜூலை.
இரவு ஒன்பதுக்கும் சுவர் சுடுகிறது.

ரொவீனா தொடையைக் கிள்ளிப் பிடித்து
ஊசியை இறக்குகிறாள்.
"நாற்பத்தைந்து நிமிடம்" என்றிருந்தார் மருத்துவர்,
கோழிக்கறி வேகும் நேரம் சொல்வதுபோல.

ஹார்லன் பாத்திரம் கழுவுகிறான்,
கழுவியதையே.
திரும்பிப் பார்ப்பதில்லை.
பார்த்தால் கேட்டதாகிவிடும்.

இருபதில் குமட்டல்.
முப்பதில் காதுமடல் பற்றி எரிகிறது.
குளியலறைத் தரையின் சில்லென்ற ஓட்டில்
கன்னம் வைத்துப் படுத்துவிட்டாள்.
ஐம்பத்திரண்டு வயதில் இது என்ன கூத்து.

அவனும் வந்து படுத்தான், ஈரக் கையோடு,
முழங்கால் சடசடக்க.
தொட்டிக்கடியில்
போன வருடம் தொலைந்த அவள் தோடு.
இருவரும் ஒரேசமயம் கை நீட்ட
மணிக்கட்டு இடித்தது.

அப்போதுதான் வந்தது.
குப்பியிலிருந்தா,
சோப்பு மணக்கும் அந்தக் கையிலிருந்தா
என்று விசாரிக்க
யாருக்குப் பொறுமை.

காலையில் மருத்துவமனைப் படிவம்:
பலன் இருந்ததா? ஒன்றுமுதல் ஐந்துவரை வட்டமிடவும்.
பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்தவள்
ஓரத்தில் எழுதினாள்,
தோடு கிடைத்தது.