கரண்டியில் ஒரு கோடு

புவெர்ட்டோ மொன்ட்டில் மழை லீவு எடுப்பதில்லை.
நான் எடுத்தால் நாற்பத்திரண்டு வாண்டுகள் பட்டினி.
ஆறரைக்கெல்லாம்
பாலர் பள்ளி அடுப்பில் என் பானை ஏறிவிடும்.

மார்ச் மாதம் சாந்தியாகோவிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
எடைக்கருவி, உயரப் பலகை, சிரிக்கும் கேரட் போட்ட சுவரொட்டி,
அப்புறம் ஒரு கரண்டி.
அதன் குழிக்குள் சிவப்பாய் ஒரு கோடு.
இதற்கு மேல் கூடாது.
இருபது வருடம் கண்ணளவில் பரிமாறியவளுக்குக்
கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

என்னைப் பார்த்தால் தெரியும் உங்களுக்கு.
சமையலறைக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைவேன்.
சர்க்கரைக்கு மாத்திரை, முட்டிக்குத் தைலம்.
பயிற்சி வகுப்பில், ஊட்டச்சத்து அதிகாரி அயெலென்
"உடற்பருமன்" என்று பதினோரு தடவை சொன்னாள்.
ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.
மரியாதைதான்.
அதுதான் சுட்டது.

நெஹுவேனுக்கு நான்கு வயது.
எடைக்கருவி சிவப்புக்குப் போகும் ஒன்பது பேரில் ஒருவன்.
கொழுகொழுவென்று இருக்கிறான் என்று
போன வருடம் கன்னம் கிள்ளியவள் நானேதான்.
திங்கட்கிழமை மட்டும் மூன்றாவது முறையும் தட்டை நீட்டுவான்.
சனி ஞாயிறு என்னடா சாப்பிட்டாய்?
சிப்ஸ், அத்தை. நாலு கறுப்பு முத்திரை போட்டது.
எச்சரிக்கை முத்திரைகள் அவை.
நாலு வரை எண்ணப் பழகியதே
அந்தப் பாக்கெட்டில்தான்.

அவன் அம்மா யோசெலின் சால்மன் ஆலையில்.
பனிக்கட்டிக்கு நடுவே நின்று
இரவெல்லாம் மீனைத் துண்டு போடுகிறாள்.
துண்டுகள் ஜப்பானுக்குப் போகின்றன.
அவள் வீடு திரும்பும்போது திறந்திருப்பது
பெட்ரோல் பங்க் கடை மட்டும்.
இதற்கு எந்தக் கரண்டியில் கோடு போடுவது?

திங்கட்கிழமைகளில் நான் கோட்டைப் பார்ப்பதில்லை.
பருப்பு, பூசணி, ஒரு பிடி கடற்பாசி.
வழிய வழிய ஊற்றுவேன்.
ஒரு திங்களன்று அயெலென் சொல்லாமல் வந்து நின்றாள்.
கரண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்,
முதன்முறையாக.
நோட்டில் எதுவும் எழுதவில்லை.
"பூசணி இன்னும் கொஞ்சம் கூட்டலாமோ" என்றாள்.

மே மாதம் முற்றம் குளமாகிவிட்டது.
தினம் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்கிறது சுற்றறிக்கை.
எங்கே ஓட, காகிதத்திலா?
மக்லோவியா அத்தை இரண்டு நாள் யோசித்தாள்.
மூன்றாம் நாள் துறைமுகத்துக்குப் போய்ப்
பழைய மஞ்சள் மழையங்கிகளை வாங்கி வந்து
கத்தரித்து, கைகளைச் சுருட்டித் தைத்தாள்.
சளி பிடிக்கும் என்று அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள்.
பிடித்தது. போனது.

ஓட்டப் பந்தயத்தில் நெஹுவேன் எப்போதும் உட்கார்ந்தே இருப்பான்.
கடைசியாய் வருவதற்கு எதற்கு ஓட வேண்டும்?
ஆனால் இது வேறு போட்டி:
குட்டைக்குள் குதி.
யாருடைய சேறு சுவரில் உயரத் தெறிக்கிறது?

குதித்தான்.
சன்னல் வரை போனது.
ஒரு கணம் எல்லாரும் மூச்சு விடவில்லை, அப்புறம் போட்டார்களே கூச்சல்!
மக்லோவியா சாக்பீஸால் அந்த இடத்தில் அவன் பெயரை எழுதினாள்.
அன்றிலிருந்து அவன் உட்காரவே இல்லை.
குதிக்க ஓடுவான், குதித்துவிட்டு வரிசைக்கு ஓடுவான்,
மறுபடி, மறுபடி,
சூப் ஆறிப்போகும் வரை.

நவம்பரில் திரும்ப நிறுத்தினோம்.
எடை ஏறக்குறைய அதேதான். உயரம் மூன்று விரல் கூட.
அயெலென் சிரித்துக்கொண்டே எழுதினாள்.
மற்ற எட்டுப் பேரில் நால்வருக்கு ஒன்றும் மாறவில்லை,
அதையும் எழுதினாள், சிரிக்காமல்.
யோசெலினுக்குப் பகல் ஷிஃப்ட் இன்னும் கிடைக்கவில்லை.

நெஹுவேன்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான்.
அத்தை, என் சேறு இப்போது சன்னல் வரை போகவில்லை.

எல்லாரும் போன பிறகு
வாசலைத் தாழிட்டேன்.
ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு
குட்டைக்குள் குதித்தேன்.

கூரை ஓடு வரை.

முட்டி இரண்டு நாள் வலித்தது.
சுவரை நான் கழுவவில்லை.