விலைப்பலகை

வாசல் பலகையில் மூன்று தடவை
விலை மாற்றிவிட்டேன்.
அழித்த இடமெல்லாம் திட்டுத்திட்டாய் வெள்ளை,
அவசரத்தில் பவுடர் அப்பிய கன்னம் மாதிரி.

நோர்வூட் பஸ் தரிப்புக்கு எதிரே
நஸீர் நானாவின் ஹார்ட்வெயார் மாடியில்
பத்துக்கு எட்டடி அறை.
ஆணியும் டின்னரும் மணக்கும் படியில்
அழகாக வேண்டியவர்கள் ஏறி வர வேண்டும்.

முதல் பலகை கொழும்புப் பலகை.
வெள்ளவத்தையில் ஆறு மாதம் படித்தபோது
மேடம் தந்த தாளை அப்படியே எழுதினேன்:
ஃபேஷியல், பெடிக்கியூர், மெனிக்கியூர், ஹெயார் ஸ்பா.
எல்லாவற்றுக்கும் எதிரே நாலு இலக்கம்.
படியேறியவர்கள் வலது பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு
"சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று இறங்கினார்கள்.
தகரக் கூரை வழியே மழை மட்டும்
நேரம் தவறாமல் வந்தது.

இரண்டாம் பலகையில் எல்லாம் பாதி விலை.
ஒரு வாரம் உட்கார இடமில்லை.
பொகவந்தலாவையிலிருந்துகூட வந்தார்கள்.
ஞாயிறு ராத்திரி கணக்குப் பார்த்தேன்.
நூல், பவுடர், கரண்ட், நானாவின் வாடகை.
நின்று நின்று வீங்கிய காலை நான் சேர்க்கவேயில்லை;
அப்படியும்
ஒவ்வொரு ஜோடிப் புருவத்துக்கும்
பதினொரு ரூபா என் கையிலிருந்து
நான்தான் கொடுத்திருக்கிறேன்.
பழைய விலைக்குத் திரும்பியதும்
பாதி விலைக்கு வந்த முகங்கள்
சந்தையில் என்னைக் கண்டால்
கருவாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டன.

பாலத்தடியில் ருவனியின் சலூன்.
கண்ணாடிக் கதவு, வட்ட லைட்,
போனுக்குள் சுழன்று சுழன்று சிரிக்கும் மணப்பெண்கள்.
நானும் ஸ்டேட்டஸ் போட்டேன்:
செய்யுமுன் ஒரு படம், செய்தபின் ஒரு படம்.
ராத்திரி பத்தரைக்கு அன்னபாக்கியம் அக்கா கோல் எடுத்தாள்.
"அழிச்சிருடி.
என் மீசைய டிவிஷனே பாத்துருச்சு."

பிறகொரு சனிக்கிழமை
புருவம் எடுக்க வந்த பிள்ளை
துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்:
"மெனிக்கியூருன்னா என்னக்கா?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்து விரல்களை நீட்டினாள்.
கொழுந்துக் கறை, நகக்கண் வரைக்கும்.
"அப்ப இது போகுமா?"

அன்றைக்கே மெனிக்கியூரை அழித்தேன்.

கறை எடுக்க 250
மீசை 100 (படம் எடுக்க மாட்டோம்)
பத்தாம் தேதியும் தரலாம்

இந்த மூன்று வரிதான் ஆளைக் கூட்டி வந்தது.
பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருத்தி,
மகனுக்குப் பரிசளிப்பு,
மேடையில் கூட நிற்க வேண்டும் என்று ஒருத்தி.
காரணமே சொல்லாமல் ஒருத்தி, மாதாமாதம்.

மல்லிகேஸ்வரி வந்தது பூட்டுகிற நேரத்தில்.
நகத்தைக் காட்டவில்லை,
விரல் நுனியைக் காட்டினாள்.
"பாஸ்போட் கந்தோருல மெஷின் எடுக்க மாட்டேங்குது.
ரெண்டு தடவ திருப்பிட்டாங்க. குவைத்துக்கு."
வெந்நீர், தேசிக்காய், உப்பு, எண்ணெய்.
நாற்பது நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தேன்.
கறை போனது.
கீழே ரேகை இல்லை.
பத்து விரலையும் லைட்டுக்கு நேரே திருப்பித் திருப்பித் தேடினோம்.
வலது சுட்டுவிரல் ஓரத்தில் நாலைந்து கோடு,
பிள்ளைகள் பென்சிலால் கீறி அழித்தது போல.

காசு வேண்டாம் என்றேன்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தாள்.
"போர்டுல எழுதியிருக்குல்ல."

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் படியேறினார்கள்,
கையில் பாரத்தோடு.
"மல்லிகா சொல்லிச்சு."
அவளுக்கு விழுந்ததா என்று கேட்டேன்.
தெரியாது என்றார்கள்.
இரண்டு பேருக்கும் ஒரே பேசின்;
ஒருத்தியைக் காக்கவைத்தேன்.

சாயந்தரம் கீழே போய்
இன்னொரு பேசின் கேட்டேன்.
நானா விலை சொன்னார்.
"ஒங்களுக்குன்னா கொறச்சுத் தாறன்" என்றார்.
ஓரத்தில் விலைத்துண்டு ஒட்டியிருந்தது.
அதைப் பார்த்தேன்.
அதையே கொடுத்தேன்.