நட்டுவாக்காலிக்கு எத்தனை அங்குலம்

முதலில் வெட்டியது ஜெராக்ஸ் தாள்.
நீளத்தைக் கழித்து, இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று.
ஒரு பக்கத்தை முப்பத்திரண்டாக வகுத்தால்
கட்டத்துக்கு ஆறரை மில்லிமீட்டர்.
எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, வளைந்த வால்
எல்லாம் அதற்குள்ளிருந்து வரவேண்டும்.
மூன்றாவது காலில் தாள் வெளுத்தது,
நான்காவதில் கிழிந்தது.
வால் இருக்கவேண்டிய இடத்தில்
கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு முடிச்சு.

கல்லுக்கட்டிக்குப் பக்கத்தில் சிராஜுதீன் கடை.
பழுப்புத் தாளைக் காட்டினார். உறுதிதான்,
எட்டு மடிப்புக்குமேல் முறுக்கிக்கொண்டு நிற்கும்,
சம்பந்தி வீட்டார் போல.
பட்டர் தாள் மடிப்பை மறக்காது,
மாற்றி மடித்தால் மன்னிக்காது.
வெள்ளித்தாள் சொன்னபடி நிற்கும்,
தப்பான ஒவ்வொரு கீறலையும்
ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.
கண்ணை மூடி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.
"ரூவா நோட்டாண்ணே, கள்ள நோட்டு பாக்குறீங்க?"
என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு உள்ளே போய் எடுத்துவந்தார்,
பட்டுச்சேலை மடிப்புக்குள் வைக்கும் டிஷ்யூ.
கறுப்பில் ஒன்று, செம்மண் நிறத்தில் ஒன்று.
மூச்சு விட்டாலே எழுந்துகொண்டது.

தனியாக அது எதற்கும் ஆகாது.
இரண்டையும் ஒட்டவேண்டும்,
ஒன்றின் நார் நெடுக்கே ஓடினால்
மற்றதன் நார் குறுக்கே.
மைதாப் பசை கூடாது, ராமபாணப் பூச்சி வரும்.
ஆய்வகத்தில் வேலைபார்க்கும் அமலோற்பவம்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் செல்லுலோஸ் பொடி கொடுத்தாள்.
"ஒரு ராத்திரி தண்ணியில ஊறட்டும்,
மூக்குச்சளி பதத்துக்கு வரும்."
வந்தது.

அளவு மிச்சம்.
அறுபது சென்டிமீட்டர் என்று முடிவு செய்தேன்,
ஏறக்குறைய மூன்று ஆத்தங்குடிக் கல்.
காலுக்குக் கால் இடமிருக்கும்,
மடித்து முடித்தால் உள்ளங்கையில் உட்காரும்.
இந்த வீட்டைக் கட்டியவர் அப்படிக் கணக்குப் போடவில்லை.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு,
இத்தனை பெரிய தாளை
யாரால் மடித்துவிட முடியும் என்று இருந்திருப்பார்.
நாலு தலைமுறையில் மடித்துவிட்டோம்.
எனக்கு வந்தது முப்பத்திரண்டில் ஒன்று,
வளவில் ஓர் அறை, அரை ஜன்னல்.
கோயில் வரிப் புத்தகத்தில்
போன ஆவணியிலிருந்து நான் அரைப்புள்ளி.
உண்ணாமலை இருந்தபோது முழுப்புள்ளி.

ஒட்டிய தாள் காய்வதற்குக் கண்ணாடி வேண்டும்.
அவ்வளவு பெரிய கண்ணாடி என்னிடம் இல்லை.
முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர் இருக்கிறது,
முகம் தெரிகிற வழவழப்பு.
அது மெய்யப்பன் பங்கு. மெய்யப்பன் ஈப்போவில்.
கேட்காமலே ஒட்டினேன்,
பெயின்ட் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குக்
காற்றுக்குமிழிகளைத் துரத்தித் துரத்தி.

காலையில் பால் ஊற்ற வந்த முத்துராக்கு
எட்டிப் பார்த்துக் கேட்டாள்,
"ஜப்தி நோட்டீஸா?"
"தேளு" என்றேன்.
விளக்கமாற்றோடு வந்துவிட்டாள்.

பத்து மணிக்கு முற்றத்து வெயில் சுவரைத் தொட்டது.
மேல்மூலை ஒன்று தானாக விட்டது.
பிறகு நாக்கைச் சொடுக்கியது போல ஒரு சத்தம்,
முழுத்தாளும் என் கையில்.
கறுப்புப் பக்கத்தில் சுவரின் மினுமினுப்பு ஏறியிருந்தது.
சுவரைத் தடவிப் பார்த்தேன்.
மெய்யப்பனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஓரம் வெட்டினேன். சதுரம் சரிதானா என்று
தரைக்கல்லின் மூலையோடு வைத்துப் பார்த்தால்
ஒரு மயிரிழை விலகுகிறது.
தாள் கோணலா, கல் கோணலா?
எதிரெதிர் மூலைகளைக் கொண்டுவந்து சேர்த்தேன்,
நகத்தால் ஒருமுறை இழுத்தேன்.
கல்தான் கோணல்.